ஆர்வில் காடில் படுத்திருக்கும் இடம்

நான் ஆர்வில் காடிலைக் கட்டிக்கொண்டபோது அவருடைய பெயர் ஏற்கெனவே ஒரு கல்லறைக் கல்லில், இன்னொரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில், வெட்டப்பட்டிருந்தது.

அந்தப் பெண் டெல்ஃபியா. அவருடைய முதல் மனைவி. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் அந்த இரண்டு பெயர்களையும் யாரும் பிரித்துச் சொன்னதில்லை. ஆர்வில்-டெல்ஃபியா என்று ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். சனிக்கிழமை ரேடியோவில் அவர்கள் குரல் வந்தால், சுரங்கத்திலிருந்து திரும்பிய ஆள் முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவான். அவர் கிட்டார் வாசித்துப் பாடுவார், அவள் கூடவே பாடுவாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. அந்தச் சண்டைக்காகவே கூட்டம் வரும்.

எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. எங்கள் சபையில் வாத்தியம் தொடுவதே பாவம். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் எல்லோரும் ஒரே குரலாக இழுத்துப் பாடுவோம், அவ்வளவுதான். கிட்டாரும் பாஞ்சோவும் சாராயக் கடைச் சாமான்கள் என்பார் என் அப்பா. அதனால்தான், நான் பரிமாறிக்கொண்டிருந்த சாலையோர ஓட்டலுக்கு அவர் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அவர் யாரென்று தெரியவில்லை. பீன்ஸும் சோள ரொட்டியும் கேட்டார். கொண்டுவந்து வைத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத் தெரியல உனக்கு?"

"தெரியணுமா? போன வாரம் காசு குடுக்காம ரெண்டு கோழித் துண்ட கைக்குட்டையில சுத்திக்கிட்டுப் போனாரே ஒருத்தர், அவரா நீங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே அவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு எழுந்து வந்து, "டெல்ஃபியா எங்க? வண்டியில தூங்கறாங்களா?" என்று கேட்டார்கள். "ஆமா, கொறட்டையில வண்டி ஆடுது பாருங்க" என்றார். அப்போதே அவர்கள் இருவருக்கும் விவாகரத்து ஆகிச் சில வருடங்கள் கடந்திருந்தன. வெளியில் யாருக்கும் தெரியாது. ஜனங்களுக்கு அவர்கள் ஜோடியாகத்தான் வேண்டும் என்று இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் இவருக்கும் வேறு தொழில் தெரியாது.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவர்களோடு பேருந்தில் போனேன். டெல்ஃபியா முன்வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். நாங்கள் கடைசியில். வழியெல்லாம் அவர்களுக்குள் ஒரு பேச்சு இருக்காது. மேடை ஏறினால் போதும், இருவருக்கும் உயிர் வந்துவிடும்.

"இவரு பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கப்பா வேட்டை நாய அவுத்து விட்டாருங்க" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வாள். "அந்த நாயே இவர மோந்து பாத்துட்டு, ஐயோ பாவம்னு திரும்பிப் போயிருச்சு."

"பாவம்னு போகலடி. உன் கைச்சோறு தின்ன நாயி. அதுக்கு ஓடத் தெம்பு இல்ல."

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் திரைக்குப் பக்கத்தில் அவருடைய கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். நானும் சிரிப்பேன். பாட்டு தொடங்கும்போது இருவரும் ஒரே மைக்கில் முகத்தோடு முகம் வைத்து, கண்ணோடு கண் பார்த்துப் பாடுவார்கள். அப்போது மட்டும் நான் கோட்டை மடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஊரில் ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டு, "நீ டெல்ஃபியாவோட தங்கச்சியாம்மா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், தலைவாரிக்கொண்டிருந்த டெல்ஃபியா, "ஆமாங்க, எங்க வீட்டுலயே புத்திசாலி இவதான்" என்றாள். அந்த அம்மாள் போன பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே என்னிடம், "அவருக்கு வெங்காயம் ஒத்துக்காது, தெரியும்ல?" என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

அந்தக் கல்லை நான் முதன்முதலில் பார்த்தது மே மாதத்தில், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிற்றுக்கிழமையில். டெல்ஃபியாவின் அப்பா வீட்டுக் குன்று அது. ஹெஸ்டர் குன்று என்பார்கள். நாங்கள் போனபோது அவள் குடும்பத்தார் காலையிலேயே புல் வெட்டி, பூ வைத்து, சாப்பிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். ஆர்வில் அந்த நேரம் பார்த்துத்தான் என்னைக் கூட்டிப்போனார். பெரிய கல், ஒரு பக்கம் அவர் பெயர், ஒரு பக்கம் அவள் பெயர், பிறந்த வருடங்கள் மட்டும். நடுவில் முன்னால் தள்ளி ஒரு சின்னக் கல். ஐவி என்று எழுதியிருந்தது. அவர்களுடைய மகள். இரண்டு வயது நிறைவதற்குள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அவளைப் புதைத்த வருடமே, நாமும் இங்கேதான் என்று பெரிய கல்லை நட்டிருக்கிறார்கள். அதன் படம் ஒரு பத்திரிகையில்கூட வந்ததாம்.

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சின்னக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் சந்தை மேடையில இருந்தேன் நோலா. டெல்ஃபியா ஆஸ்பத்திரில புள்ளயோட. மத்தியான ஆட்டத்துக்கு ஏறப்போறேன், ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் ஓடி வந்து சொன்னாரு. புள்ள போயிருச்சுன்னு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் மேடையேறிட்டேன். நாய்க் கதை, கோழிக் கதை, எல்லாத்தையும் சொன்னேன். இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு சனங்க கேக்கக் கேக்கச் சொன்னேன். எறங்கினா அது நெசமாயிடும். மேடையில நிக்கற வரைக்கும் எம்புள்ள உசுரோட இருக்கா. எனக்கு அப்படித்தான் தோணுச்சு."

"டெல்ஃபியாவுக்குத் தெரியுமா?"

"நான் அன்னிக்கு ஆடினது தெரியும். பாத்தவன் எவனோ, அன்னிக்கு மாதிரி நான் சிரிக்கவெச்சதே இல்லன்னு அவகிட்டயே போய்ப் பெருமையாச் சொல்லிருக்கான். ஏன் ஆடினேன்னு அவ கேக்கல. நானும் சொல்லல."

"இப்பச் சொல்லலாமே."

"மேடையில நாலு பேர் முன்னாடின்னா அவகிட்ட என்ன வேணா சொல்லுவேன். தனியாப் பேச எனக்கு வராது."

அதன்பிறகும் பல வருடங்கள் அவர்கள் பாடினார்கள். கூட்டம் குறைந்தது. பெரிய அரங்குகள் போய்ப் பள்ளிக்கூடக் கூடங்கள், சந்தைகள், கடைசியில் கார் விற்கும் கடை திறப்பு விழாவில்கூட நின்று பாடினார்கள். அப்போதும் கண்ணோடு கண் பார்த்துத்தான். பிறகு ஒரு காலையில், சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. தண்ணீர் என்று கேட்க வராது. என் பெயர் வராது. வாயைத் திறந்து திறந்து மூடுவார், கண்ணில் நீர் வரும். எத்தனை ஆயிரம் பேரைச் சிரிக்கவைத்த வாய் அது.

குளிர்காலம் போய் மரங்கள் துளிர்த்தபோது, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து பாட்டு கேட்டது.

*ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆரு வெச்ச வெளக்கு?*

சுத்தமாக, ஒரு சொல் குழறாமல். கை ஈரத்தோடு ஓடினேன். அவர் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வரியைப் பாடி நிறுத்திவிட்டு வாசல் பக்கம் தலையைத் திருப்பிக் காத்திருந்தார். மறுபடி அதே வரி. மறுபடி வாசல். எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வரி டெல்ஃபியாவுடையது.

நான் முயற்சி செய்தேன். எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம், திரைக்குப் பக்கத்தில் நின்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஆனால் என் தொண்டைக்குச் சபைப் பாட்டின் இழுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. *உன் வழி பாத்து நான் வெச்ச வெளக்கு* என்று நான் இழுத்ததும், வாய் ஒரு பக்கமாகக் கோண அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவர் மெல்லத் தலையை ஆட்டினார். மறுபடி வாசலைப் பார்த்தார்.

இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் டெல்ஃபியாவுக்குப் போன் செய்தேன்.

"நான் நோலா பேசறேன்."

"போயிட்டாரா?"

"இல்லங்க. பாடறாரு."



"பேச்சு?"

"பேச்சு வரல. பாட்டு மட்டும் வருது. உங்க வரி வந்தா நிறுத்திடறாரு. நீங்க பாடாம அடுத்த வரிக்குப் போக மாட்டேங்கறாரு."

"அந்த ஆளு எப்பவும் அப்படித்தான். என் வரியிலதான் மூச்சு வாங்குவாரு" என்றாள். பிறகு, "வியாழக்கிழமை வரேன்" என்றாள்.

வந்தாள். காய்ந்த ஆப்பிள் வைத்து அடுக்கிய கேக் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு நேரே உள்ளே போனாள். கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பாடினார். அவள் பதில் பாடினாள். அவர் அடுத்த வரிக்குப் போனார். இரண்டு குரலும் சேருகிற இடம் வந்தபோது நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் அதற்குள் ஒன்றைக் கவனித்திருந்தேன். மேடையில் அவர் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காதவள், இங்கே சுவரையே பார்த்துப் பாடினாள்.

அதன்பிறகு வியாழன்தோறும் வந்தாள். மற்ற நாட்களில் அவரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் திருப்பிப் படுக்கவைப்பதும் நான். அவர் என் கையைப் பிடித்தால் விடமாட்டார். எனக்கு அது போதும் என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் போதாமலும் இருக்கும்.

மலையெல்லாம் இலை சிவந்திருந்த ஒரு அக்டோபர் காலையில், கஞ்சி குடித்து முடித்து, என் மேல் சாய்ந்தபடியே போய்விட்டார்.

செய்தி தெரிந்ததும் வீடு நிரம்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பன்றித் தொடை, உருளைக்கிழங்கு, கோழி வறுவல் என்று மேசையில் தட்டு வைக்க இடமில்லை. நாஷ்வில்லிலிருந்து ரசிகர் சங்கத்தார் போன் செய்து, பெரிய பாடகர்கள் படுத்திருக்கும் தோட்டத்தில் இடம் பார்க்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நான் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். எனக்குக் கசந்த முடிவுதான். டெல்ஃபியா வந்ததும் அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"குன்றுலயே வெச்சிடலாம்னு பாக்கறேன். கல்லு இருக்கு. பேரு இருக்கு. புள்ளயும் அங்கதான் இருக்கா."

"வேணாம்" என்றாள்.

"எனக்காகச் சொல்லாதீங்க. நான் மனசத் தேத்திக்கிட்டேன்."

"உனக்காகச் சொல்லல. எனக்கு வேணாம்." அவள் மேசையிலிருந்த ஒரு தட்டின் துணியைச் சரிசெய்தாள். "ஊருக்கு முன்னாடி அவரப் பாத்து ஒரு ஆயுசு முழுக்கச் சிரிச்சாச்சு நோலா. செத்தாவது நான் எம்புள்ளயோட தனியா இருக்கணும். எம்புள்ள செத்தன்னிக்கு அந்த ஆளு நாய்க் கதை சொல்லிக்கிட்டிருந்தாரு. தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஏன்னும் தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். அவர் குன்றில் உட்கார்ந்து சொன்னதை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். மேடையிலிருந்து இறங்கினால் அது நிஜமாகிவிடும் என்று பயந்ததைச் சொன்னேன். டெல்ஃபியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னறையில் யாரோ குழந்தையை அதட்டினார்கள், யாரோ கதவைத் திறந்து மூடினார்கள்.

"எவ்வளவு பாட்டு பாடியிருப்போம்" என்றாள் கடைசியில். "இத ஒரு தடவ சொல்ல வாய் வரலையா அந்த மனுசனுக்கு?"

"பயந்தாரு."

"நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்று கேட்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். என் இடுப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து குழாயில் முகம் கழுவினாள்.

"அப்ப குன்றுலயே..." என்று ஆரம்பித்தேன்.

"இல்ல. இப்பவும் வேணாம். உன் பக்கத்துல வெச்சுக்கோ. கழுவித் தொடச்சவ நீ."

சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு அனுப்பினேன். எங்கள் சபையின் மூப்பர் சகோதரர் லேவி அன்று மாலை வந்தார். என் அப்பாவோடு சேர்ந்து நின்று அடி எடுத்துக் கொடுத்தவர்.

"சகோதரி, அவரு ஞானஸ்நானம் வாங்கினவருதானா?"

"சின்ன வயசுல ஆத்துல முக்கினாங்களாம். தண்ணி சில்லுனு இருந்துச்சுன்னு மேடையில அதையும் ஒரு கதையாச் சொல்லுவாரு."

பெரியவருக்கு வந்த சிரிப்பை அவர் தாடிக்குள்ளேயே அடக்கிக்கொண்டார். "அப்ப எடம் உண்டு. ஆனா கிட்டாரு, பிடிலு எதுவும் வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. வருத்தப்படாதீங்க."

எத்தனையோ ஊரிலிருந்து வாத்தியக்காரர்கள் வந்தார்கள். பெட்டிகளையெல்லாம் கார்களிலேயே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். அவர்களுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒருவர் கோட்டுப் பைக்குள் விட்டார், ஒருவர் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். டெல்ஃபியா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோக்காரர் ஒருவர் குனிந்து, அந்த ஆற்றுப் பாட்டை அவள் ஒருமுறை பாடினால் எல்லோருக்கும் ஆறுதலாக இருக்கும் என்று கெஞ்சினார்.

"இன்னிக்கு நான் வேலைக்கு வரலீங்க" என்றாள்.

லேவி அடி எடுத்துக் கொடுத்தார். நாங்கள் இழுத்துப் பாடினோம். அதில் அவளும் சேர்ந்துகொண்டாள். அத்தனை குரல்களில் அவள் குரல் எதுவென்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

சபைத் தோட்டத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு கல் வைத்தேன். அதைத் தேடி யாரும் வரவில்லை. பத்திரிகையில் படம் வந்த கல்லைத்தான் எல்லோருக்கும் தெரியும். ஒஹாயோ, டென்னசி என்று எங்கிருந்தெல்லாமோ கார் போட்டுக்கொண்டு ஹெஸ்டர் குன்றுக்கு ஏறினார்கள். அவர் பெயருக்குக் கீழே, வெறும் மண்ணில், பூவும் கிட்டார் கம்பியும் வைத்துவிட்டுப் போனார்கள். இறந்த வருடம் ஏன் வெட்டவில்லை என்று சிலர் டெல்ஃபியா வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டார்களாம்.

"அவரு இங்க இல்லன்னு சொல்லிடறதுதானே?" என்று கேட்டேன்.

"ஒரு அம்மாகிட்டச் சொன்னேன். எங்க பாட்டக் கேட்டுத்தான் கல்யாணமே பண்ணிக்கிட்டாங்களாம். அங்கயே உக்காந்து அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் யாருகிட்டயும் சொல்றதில்ல."

இதை அவள் சொன்னது என் வீட்டில். அவர் போன பிறகும் வியாழக்கிழமைகளில் அவள் வருவதை நிறுத்தவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. பீன்ஸ் நார் உரிப்போம். அவள் ஊர் வம்பெல்லாம் சொல்வாள், மேடையில் சொல்லாத கதைகளாகச் சொல்வாள். நான் எங்கள் சபையில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சொல்வேன். "நீ மேடையேறியிருந்தா நாங்க ரெண்டு பேரும் பட்டினிதான்" என்பாள். ஆர்வில் பெயர் வராமலே சில வியாழன்கள் போகும். ஒருநாள்கூட அவள் பாடவில்லை.

ஆறேழு வருடம் அப்படிப் போனது. பிறகு அவளும் போனாள். தூக்கத்தில், தொந்தரவில்லாமல். அவள் கேட்டபடியே ஐவிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

அடுத்த மே மாதம், பூ வைக்கும் ஞாயிறன்று, அவளுடைய தம்பி மகன் வெர்லின் என்னைக் குன்றுக்குக் கூப்பிட்டான். சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவன், மூச்சு வாங்க வாங்க எனக்கு முன்னால் ஏறினான். அவன் குடும்பத்தார் மரத்தடியில் மேசை போட்டுச் சாப்பாடு பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"நோலாம்மா, ஒண்ணு கேக்கணும். அவரு பேரு கல்லுல சும்மா நிக்குது. உங்களுக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, மிஷின் வெச்சுத் தேச்சு எடுத்துடறேன்."

"உங்க அத்தை என்ன சொன்னா?"

"ஒரு தடவ நானே கேட்டேன். 'அப்பன் பேரு புள்ளைக்குப் பக்கத்துல இருக்கட்டும்டா'ன்னாங்க."

நான் கல்லைப் பார்த்தேன். அவர் பக்கம் யாரோ புதிதாக வைத்திருந்த பியோனிப் பூக்கள் அதிகமாகி, சரிந்து, ஐவியின் சின்னக் கல்மேல் பாதி கிடந்தன. அவர்கள் இருவரும் போன பிறகு யாருக்கும் அந்தக் குழந்தையின் முகம்கூடத் தெரியாது. ஒரு போட்டோ எடுக்கக்கூட அவர்களுக்கு நேரமிருந்ததில்லை.

"இருக்கட்டும் வெர்லின்" என்றேன். "தொடாத."

அவன் மனைவி ஒரு தட்டு நிறைய வைத்துக் கொடுத்தாள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். டெல்ஃபியாவின் மண் இன்னும் முழுசாகப் படியவில்லை, புல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடித்திருந்தது. வெயிலில் காயும் என்று அதற்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கினேன்.

திரும்பும் வழியில் சபைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினேன். எங்கள் ஆட்கள் காலையிலேயே வந்து போயிருந்தார்கள். ஆர்வில் பக்கத்தில் நான் விடிந்ததும் வைத்த பூ மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்தேன். டெல்ஃபியா சௌக்கியம் என்று சொன்னேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.